தனி வாளி

ஜூலை 4

அன்புள்ள பூனைக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குக் கணக்கு. மற்றபடி குறையில்லை.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ 'ம்' என்கிறாய், நான் 'அப்புறம்' என்கிறேன், அதோடு வைத்துவிடுகிறோம். சத்தம் போடாமல் வந்து நிற்கிறாயே என்று உனக்குப் பூனை என்று பெயர் வைத்தேன், இப்போது போனிலும் அப்படித்தான். கடிதத்திலாவது பேசுவாய். இன்னொரு காரணமும் உண்டு. பரீட்சையில் மூன்று மணி நேரம் எழுத வேண்டுமாம். இத்தனை வருஷமாக நான் எழுதியதெல்லாம் பாட்டில் லேபிள்தான். கை பழக வேண்டும்.

ஆமாம், சேர்ந்துவிட்டேன். ஐம்பத்தொரு வயதில், இருபத்திரண்டு வருஷம் குடுவை கழுவிய அதே கல்லூரியில், நீ படித்த அதே வேதியியல். மாலை வகுப்பு, முதலாம் ஆண்டு. அடையாள அட்டையைப் பார்த்து அம்மா, "போலீஸ் தேடுற ஆளு மாதிரி இருக்கீங்க" என்றாள். வகுப்புக்குப் போகும் முன் தலைக்குச் சாயம் அடித்துக்கொள்ள வேண்டுமாம். "இல்லன்னா பேரனைச் சேர்க்க வந்தவருன்னு நெனச்சு வெளியில உக்கார வெச்சிருவாங்க." அப்படியெல்லாம் இல்லை. வகுப்பில் எல்லாருமே வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள். என் பக்கத்தில் உட்காருபவர் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா. கணக்கில் புலி.

என் பிரச்சினை வேறு. ஐந்து மணி வரை காக்கிச் சட்டையோடு எல்லா மேசையிலும் சாமான் எடுத்து வைக்கிறேன். ஐந்தரைக்கு அதைக் கழற்றி வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் மாணவனாக உட்கார்கிறேன். நேற்று பேராசிரியர் பாதிப் பாடத்தில் என்னைப் பார்த்து, "அண்ணே, டிஸ்டில்டு வாட்டர் தீந்துபோச்சு" என்றார். நான் எழுந்தே விட்டேன். மருந்துக்கடை அம்மா என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க சார். அவருக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?" உட்கார்ந்தேன். பேராசிரியரும் எடுக்கப் போகவில்லை. அரைமணி நேரம் தண்ணீர் இல்லாமலேயே பாடம் நடந்தது.

எந்த உப்பு எந்த நிறம் கொடுக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஏன் கொடுக்கிறது என்று கேட்டால் முழிக்கிறேன். மோல் என்கிறார்களே, அது எடையா, எண்ணிக்கையா? மூன்று நாளாக மண்டை காய்கிறது. என் ரெக்கார்டு நோட்டில் 'வழக்கம்போல வெண்மையாக வந்தது' என்று எழுதியிருந்தேன். அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

உன் பழைய நோட்டுகளை அனுப்பு. இன்று பகல் வகுப்புக்கு ஈய உப்பு நிறுத்து வைத்தேன். சட்டை தனி வாளியில் ஊறுகிறது. விஷ உப்பைத் தொட்ட சட்டை வீட்டுத் துணியோடு சேரக் கூடாது என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன், உன் அம்மா அந்த வாளியைப் பார்த்தாலே முறைக்கிறாள்.

உன்
அப்பா


ஜூலை 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை விடுதி அறையில் நான்கு முறை படித்தேன். அறைத்தோழி, "யாருடி எழுதறது, இப்படிச் சிரிக்கிற?" என்று கேட்டாள். அப்பா என்றேன். அவள் நம்பவில்லை.

இரண்டு நோட்டுகளும் இதோடு வருகின்றன. மோல் என்பது எண்ணிக்கைதான். டஜன் என்றால் பன்னிரண்டு என்கிறோம் அல்லவா, அதுபோல அது ஒரு பெரிய எண்ணுக்கு வைத்த பெயர். ஒரு டஜன் எலுமிச்சையும் ஒரு டஜன் பூசணியும் ஒரே எடை இருக்காது. அதுபோல ஒரு மோல் உப்பும் ஒரு மோல் சர்க்கரையும் ஒரே எடை இருக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு என் நோட்டில் முப்பதாம் பக்கத்தைப் பாருங்கள்.

'வழக்கம்போல' என்று எழுதவே எழுதாதீர்கள். தேர்வாளருக்கு உங்கள் வழக்கம் தெரியாது. முதலில் என்ன செய்தோம், பிறகு என்ன கண்டோம், அதிலிருந்து என்ன தெரிகிறது என்று மூன்று கட்டமாக எழுத வேண்டும். உப்பின் பெயர் எல்லாவற்றுக்கும் கடைசியில், தனி வரியில். இந்த வரிசை மாறினால் மதிப்பெண் போய்விடும்.

என் வேலை நன்றாகப் போகிறது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பாட்டில் வருகின்றன. ஏரி, கிணறு, தொழிற்சாலைக் கழிவு என்று எல்லாம். விரல் நுனி கொஞ்சம் உரிகிறது, பயப்பட ஒன்றுமில்லை. கையுறைப் பெட்டி மேற்பார்வையாளர் அறையில் இருக்கிறது. அவரிடம் கேட்க வேண்டும். அறை வாசல் வரை இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் அவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

அம்மாவை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். டிஸ்டில்டு வாட்டருக்கு எழுந்திருக்காதீர்கள்.

அன்புடன்
பூனை


நவம்பர் 22

அன்புள்ள பூனைக்கு,

நான்கு மாதமாக உனக்குச் சந்தேகமாகவே எழுதிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தில் சந்தேகம் ஒன்றும் இல்லை. வயிற்றெரிச்சல்தான்.

போன செவ்வாய்க்கிழமை செய்முறைத் தேர்வு. பரீட்சைக்கு உப்பு எடுத்து வைப்பது எப்போதும் என் வேலை என்று உனக்குத் தெரியும். இந்த முறை நானே மாணவன். அதனால் துறைத்தலைவர் அந்த வேலையை உயிரியல் லேபில் இருப்பவரிடம் கொடுத்தார். உனக்கு அவரை நினைவிருக்கும், வெள்ளிக்கிழமைதோறும் எலும்புக்கூட்டைத் துடைப்பவர். ஆளும் அப்படியே இருப்பதால் எல்லாரும் எலும்புக்கூடு என்றே கூப்பிடுகிறோம். நான் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் அந்த அறைப் பக்கமே போகவில்லை.

தேர்வில் எனக்கு ஒரு சின்ன பாட்டிலில் வெள்ளைப் பொடி வந்தது. கையில் தூக்கினேன். தெரிந்துவிட்டது. ஈய நைட்ரேட். நீ கேட்பாய், பார்த்ததுமே எப்படி என்று. இருபத்திரண்டு வருஷம் நிறுத்தவனுக்கு அந்தக் கனம் தெரியாதா? மற்ற வெள்ளைப் பொடியெல்லாம் அந்த அளவுக்கு இவ்வளவு கனக்காது. பொடி விழும்போது கண்ணாடியில் ஒரு சத்தம் வரும், அதுகூடத் தெரியும்.

இங்கேதான் நான் புத்திகெட்ட வேலை செய்தேன். தெரிந்ததை முதலில் எழுதிவைத்தால் மனசு நிம்மதியாக இருக்கும், பிறகு பதற்றமில்லாமல் சோதனைகளைச் செய்யலாம் என்று தோன்றியது. விடைத்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 'கொடுக்கப்பட்ட உப்பு: ஈய நைட்ரேட்' என்று அழகாக எழுதி அடிக்கோடும் போட்டேன். அப்புறம்தான் சோதனைக் குழாயைக் கழுவப் போனேன். திரும்பி வந்தால் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"பத்து நிமிஷத்துல ரிசல்ட்டா? யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை சார். கனத்துச்சு."

"என்ன கனத்துச்சு?"

"பாட்டில் சார்."

வகுப்பே சிரித்தது. மருந்துக்கடை அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். தேர்வாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் துறைத்தலைவரிடம் கேட்டார். "இவரு இந்த லேப்லயே வேலை பாக்குறவராமே?" அவ்வளவுதான். தாளைப் பிடுங்கி உறையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார்கள். ஒரு சோதனைகூடச் செய்ய விடவில்லை.

ரிசல்ட் நிறுத்திவைப்பு. விசாரணைக் குழு. உப்பின் பெயரை எலும்புக்கூடு எனக்குச் சொல்லிவிட்டார் என்று சந்தேகம். குற்றம் என்று முடிவானால் என் படிப்பும் போகும், என் வேலையும் போகும், பாவம், அவர் வேலையும் போகும். மனுஷன் தினமும் என்னைத் தேடி வருகிறார். "அண்ணே, நான் வாயே தொறக்கலையே. அந்த வெள்ளைப் பொடில எது எதுன்னு எனக்கே தெரியாது. சீட்டுல இருந்ததைப் பாத்து அள்ளிப் போட்டேன். நான் எலும்பு ஆளு அண்ணே."

நான் பத்து நாளில் எழுத்து விளக்கம் கொடுக்க வேண்டும். என்ன எழுதுவது? எனக்குத் தெரியும் என்பதற்கு என்ன விளக்கம் எழுதுவார்கள்?

அப்பா


நவம்பர் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

உப்பின் பெயர் கடைசியில் என்று நான் ஜூலையிலேயே எழுதியிருந்தேன். இப்போது அதைச் சொல்லிப் பயனில்லை என்று தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

'பாட்டில் கனத்தது' என்று குழுவிடம் சொல்லாதீர்கள் அப்பா. அவர்கள் நம்ப மாட்டார்கள். கோபமும் படாதீர்கள். உங்களுக்கு இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. அம்மாவின் முழங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு விளக்கம் எழுதியிருக்கிறேன். அப்படியே பார்த்தெழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

'மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, தேர்வு அன்று பதற்றத்தாலும் அனுபவமின்மையாலும் ஊகத்தின் அடிப்படையில் முடிவை முதலில் எழுதிவிட்டேன். இது என் தவறு. யாரும் எனக்கு எந்தத் தகவலும் தரவில்லை. என் வயதையும் நீண்ட காலப் பணியையும் கருதி மன்னிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்தப் படிப்பைத் தொடர இயலாத நிலையில் இருப்பதால் விலகிக்கொள்ள அனுமதிக்குமாறும் வேண்டுகிறேன்.'

கடைசி வாக்கியம் உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் நீங்களே விலகினால் அவர்கள் மேலே தோண்ட மாட்டார்கள். இந்தப் பட்டம் கிடைத்தால் உங்களுக்கு அப்படி என்ன மாறிவிடப் போகிறது? வேலை இருந்தால் போதும்.

பணிவுடன் கேட்டுக்கொள்ளும்
பூனை


டிசம்பர் 2

பூனைக்கு,

இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவனுக்கு 'அனுபவமின்மை' என்று எழுத என் மகளால்தான் முடியும். நல்ல தமிழ். உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "இதையா எம்பொண்ணு எழுதினா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

நான் அதைப் பார்த்தெழுதவில்லை. என் விளக்கத்தை நானே எழுதினேன். நான்கு வரி. பாட்டில் கனத்தது, அதனால் தெரிந்தது, வரிசை மாற்றி எழுதியது என் தப்பு, தெரிந்துகொண்டது தப்பில்லை. எத்தனை உப்பு வேண்டுமானாலும் பெயரில்லாமல் என் முன்னால் வையுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றும் எழுதினேன். பத்து பாட்டில் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பதினாலாம் தேதி.

பட்டம் கிடைத்தால் என்ன மாறிவிடும் என்று கேட்டாய். சொல்கிறேன். அந்த லேபில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கையிலேயே நிற்கிறது. ஏன் என்று யாராவது கேட்டால் சொல்ல வார்த்தை கிடையாது. வாத்தியார்கள் சொல்வார்கள், நான் துடைப்பேன். ஒருமுறையாவது நானே காரணத்தோடு எழுத வேண்டும் என்றுதான் சேர்ந்தேன். மாதம் நான்கு தாள் எழுதியெழுதி இப்போதுதான் மோல் கணக்கு பிடிபட்டது. அதற்குள் விலகு என்கிறாய். வெளியில் இருப்பவர்கள் சொன்னால் போகட்டும் என்று விடுவேன்.

இன்னொன்று. குழுவில் ஒருவர் உன் பெயரை எடுத்தார். "இவரோட பொண்ணு இங்கதானே படிச்சுது? செய்முறையில நூத்துக்கு நூறு வாங்குச்சே, அதுவும் கனத்துச்சாமா?" எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. உன்னிடமும் எழுத்தில் கேட்கப் போகிறார்களாம். நடந்ததை நடந்தபடி எழுது. அழகான தமிழெல்லாம் வேண்டாம்.

அப்பா


டிசம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

முதல்வர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே ஒரு கேள்விதான். 'தாங்கள் பயின்ற காலத்தில் தங்கள் தந்தை தேர்வுக்குரிய தகவல் எதையேனும் தங்களுக்குத் தெரிவித்தாரா?' இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் முடிந்துவிடும். மூன்று நாளாக அந்த ஒரு வார்த்தையை எழுத முடியவில்லை.

முதலில் வேறொன்றைச் சொல்கிறேன். படிப்பை விடச் சொன்னேனே, அது உங்கள் வேலைக்காக மட்டும் சொன்னதில்லை. எனக்கு உங்கள் மேல் எரிச்சலாக இருந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் மோல், இணைதிறன் என்று சின்னக் குழந்தை மாதிரி எழுதுகிறீர்கள். இங்கே நான் பரிசோதனை எதுவும் செய்யவில்லை அப்பா. எட்டு மாதமாகப் பாட்டில் கழுவுகிறேன். வரும் பாட்டில்களைக் கழுவி, கவிழ்த்து, உலர்த்தி, லேபிள் ஒட்டுகிறேன். பட்டம் வாங்கி, நூறு மதிப்பெண் வாங்கி, உங்கள் வேலையைத்தான் வேறு ஊரில் செய்கிறேன். ஆறு மாதத்தில் பரிசோதனை மேசைக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். மாற்றவில்லை. நான் போய்க் கேட்கவும் இல்லை. எனக்குப் பின்னால் வந்தவள் கேட்டாள், அவளை மாற்றிவிட்டார்கள். விரல் உரிந்தது இதனால்தான். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அல்லது சொல்லவே வேண்டாம்.

இனி அந்தக் கேள்வி. நீங்கள் எனக்கு எதையும் சொன்னதில்லை. அது சத்தியம். ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது.

இறுதியாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் மாலை நீங்கள் வீட்டுக்கு வந்ததும் பேசாமல் பின்பக்கம் போனீர்கள். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினீர்கள். சட்டையைத் தனி வாளியில் போட்டீர்கள். நான் துணி மடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நாளில் வாளி வெளியே வரும், எந்த நாளில் வராது என்று எனக்கு மனப்பாடம். அன்று வாளி வெளியே வந்ததால், மறுநாள் பரீட்சையில் வெள்ளை உப்பு வந்தால் அது வாளிக்குப் போகிற விஷ உப்பு. எங்கள் பாடத்தில் அப்படி இரண்டுதான். ஈயம், பேரியம்.

பரீட்சையில் ஒரே ஒரு அமிலம் ஊற்றிப் பார்த்தேன். ஈயம் என்றால் அடியில் வெள்ளையாகப் படிய வேண்டும், படியவில்லை. ஈயம் இல்லை. மீதி பேரியம். அதன் பிறகு நான் செய்தவை பாதிகூட இல்லை. சோதனைகளைப் புத்தகத்திலிருந்து நினைவுபடுத்தி எழுதினேன். உப்பை நெருப்பில் காட்டி நிறம் பார்க்கும் சுடர்ச் சோதனையைச் செய்யவே இல்லை. 'ஆப்பிள் பச்சை நிறம் காணப்பட்டது' என்று எழுதினேன். நான் அந்தப் பச்சையை இன்றுவரை பார்த்ததில்லை.

வரிசை மட்டும் சரியாக இருந்தது. செய்தது, கண்டது, முடிவு. அதனால் நூறு.

உங்களைப் பிடித்துவிட்டார்கள், என்னை யாரும் பிடிக்கவில்லை. நீங்கள் தெரிந்ததைத் தெரிந்ததாக எழுதினீர்கள். நான் தெரிந்ததைச் செய்ததாக எழுதினேன். அதற்குப் பிறகும் உட்கார்ந்து உங்களுக்கு 'அனுபவமின்மை' எழுதிக் கொடுத்தேன்.

இதையெல்லாம் முதல்வருக்கு இன்று காலையிலேயே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உங்களிடம் முதலில் கேட்டால் வேண்டாம் என்பீர்கள், நானும் சரி என்று இருந்துவிடுவேன். அதனால் அதை முதலில் போட்டேன், இதை இரண்டாவதாக எழுதுகிறேன். என் பட்டத்தை என்ன செய்வார்களோ தெரியாது. உங்களுக்கு இதனால் கெடுதல் வந்தால் என்னை மன்னிக்க வேண்டாம்.

பூனை


டிசம்பர் 17

அன்புள்ள பூனைக்கு,

உன் கடிதம் வந்த நாளில் பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. பதினாலாம் தேதி முடியட்டும் என்று வைத்துவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் பத்து பாட்டில். ஒரே அளவு, ஒரே மாதிரி மூடி, எண் மட்டும் ஒட்டியிருந்தது. முதல்வர், துறைத்தலைவர், அந்த வெளித் தேர்வாளர் மூவரும் எதிரில். எலும்புக்கூடு வாசலில் நின்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார். தூக்கினேன், சாய்த்தேன், திறந்து பார்த்தேன். பெயர்களை எழுதிக் கொடுத்தேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. தேர்வாளர் தன் சீட்டை எடுத்து ஒப்பிட்டார். அவர் முகம் மாறியது. எழுந்து வந்து ஒரு பாட்டிலைத் தானே தூக்கிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார்.

ஒன்பது சரி. ஏழாம் எண் தப்பு. ஈயம் என்று எழுதியிருந்தேன். உள்ளே இருந்தது பேரியம் குளோரைடு.

பூனை, பத்தில் எனக்கு அதிக நிச்சயமாக இருந்தது அந்த ஏழாம் எண்தான். மூடியைக்கூடத் திறக்கவில்லை. தூக்கியதும் எழுதினேன். இரண்டும் வாளிக்குப் போகிற உப்பு, இரண்டும் கனம். என் கைக்கு அவ்வளவுதான் தெரிகிறது. நீ ஒரு சொட்டு அமிலம் ஊற்றிப் பிரித்ததை நான் இருபத்திரண்டு வருஷத்தில் பிரிக்கவில்லை. சோதனை எதற்கு என்று நான்கு மாதமாக வாத்தியார் சொன்னது அந்த மேசை முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. அதுவும் எல்லார் முன்னாலும்.

முடிவு இது. யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். எலும்புக்கூட்டின் வேலை தப்பியது. என் படிப்பும் தப்பியது. ஆனால் சோதனை செய்யாமல் எழுதிய தாளுக்கு மதிப்பெண் பூஜ்யம், ஏப்ரலில் மறுபடி எழுத வேண்டும். எனக்கு இன்னும் ஆறவில்லை. செய்ய விடாமல் பிடுங்கிக்கொண்டு, செய்யவில்லை என்று பூஜ்யம் போடுகிறார்கள். சொல்லிப் பார்த்தேன். "விதி அப்படி" என்றார்கள்.

அடுத்து உன் கடிதம். முதல்வர் அதை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்த வருஷத்து விடைத்தாளெல்லாம் எப்போதோ கழிவுக்குப் போய்விட்டதாம். தாள் இல்லாமல் மதிப்பெண்ணில் கைவைக்க வழியில்லையாம். "இதை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? கேட்காததுக்கெல்லாம் ரெண்டு பக்கம் பதில் எழுதியிருக்கா உங்க பொண்ணு" என்றார். என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டியபோது துறைத்தலைவர் கேட்டார்.

"அண்ணே, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

வாளி விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. படித்துவிட்டு வாளியைப் போய்ப் பார்த்தேன். ஆனால் நீ சுடர்ச் சோதனை செய்யவில்லை என்பது எனக்கு அன்றே தெரியும்.

அன்று உங்கள் வரிசைக் குழாயில் கேஸ் கசிந்தது. காலையிலேயே நான்தான் அந்த வரிசையின் வால்வை மூடினேன். பின்வரிசை அடுப்பைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று தேர்வாளர் சொன்னார். உன் வரிசையில் மற்ற மூன்று பேரும் எழுந்து போய், "கொஞ்சம் நகருங்க" என்று கேட்டு, செய்துவிட்டு வந்தார்கள். நீ எழுந்திருக்கவில்லை. அடுப்பை இரண்டு முறை பார்த்தாய். பின்னால் திரும்பி ஒரு முறை பார்த்தாய். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தாய். நான் தண்ணீர்க் குடுவையோடு நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

'வாம்மா, இங்கே செய்யலாம்' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாய். எந்தப் பிள்ளையாக இருந்தாலும் கூப்பிட்டிருப்பேன். மூன்று வருஷம் அந்த லேபில் நீ என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் உன்னைக் கூப்பிட்டதில்லை. உனக்குக் கூச்சம் என்று நான் இருந்தேன். எனக்கும் அதேதான் என்று இப்போது தோன்றுகிறது. உன் தாளில் பச்சை என்று இருந்ததை மேசை துடைக்கும்போது பார்த்தேன். துடைத்துக்கொண்டே போய்விட்டேன். நூறு வந்தபோது எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தேன்.

அதனால் "தெரியும்" என்றேன்.

துறைத்தலைவர் முதல்வரைப் பார்த்தார். பிறகு, "இதுக்கப்புறம் உங்களை லேப்ல வெச்சுக்க முடியாதுண்ணே" என்றார். ஜனவரி முதல் நூலகத்துக்கு மாற்றம். சம்பளம் அதேதான். காக்கிச் சட்டை வேண்டாம். உன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், வாளி அவள் கைக்கு வருகிறது. எனக்குத்தான் புத்தகத்துக்கு நடுவில் என்ன செய்வதென்று தெரியவில்லை. லேபுக்கு இனிமேல் ஐந்தரை மணிக்கு மேல் மாணவனாக மட்டும் போகலாம். டிஸ்டில்டு வாட்டருக்கு எழுந்திருக்கத் தேவையில்லை.

உன்மேல் கோபமா என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். விலகச் சொன்னதற்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. பாட்டில் கழுவுவதைப் பற்றி எனக்குச் சொல்லாமல் இருந்தாயே, அதற்குத்தான் அதிகம். யாரிடம் சொல்லாமல் இருக்கிறாய்? கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில்தானே? குழாய்த் தண்ணீரில் என்றால் உன் கூடத்துப் பரிசோதனை முடிவெல்லாம் பொய். நாளைக்கே மேற்பார்வையாளர் அறைக்குப் போ. அவர் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் வாசலிலேயே நில். கையுறையை முதலில் கேள், மேசையை இரண்டாவதாகக் கேள். முதல்வருக்கு இரண்டு பக்கம் எழுதியவளுக்கு இது பெரிய விஷயம் இல்லை.

சாவிக்கொத்து முப்பத்தொன்றாம் தேதி வரை என்னிடம்தான் இருக்கிறது. இருபத்தெட்டு சனிக்கிழமை, பகலில் வகுப்பு கிடையாது. துறைத்தலைவரிடம் கேட்டுவிட்டேன், "கூட்டிட்டு வாங்க" என்றார். உன் வரிசைக் குழாயைச் சரிசெய்தாகிவிட்டது. வால்வைத் திறந்து வைக்கிறேன். பேரியம் எடுத்து வைக்கிறேன். நீ செய்து காட்டு, நான் பக்கத்தில் நின்று என் ரெக்கார்டில் எழுதிக்கொள்கிறேன். ஏப்ரலுக்கு எனக்கும் அது வேண்டும்.

காலை பத்து மணி. லேப் வாசலுக்கு வந்ததும் சத்தமாகக் கூப்பிடு. நான் உள்ளே இருப்பேன்.

பழைய சட்டை போட்டுக்கொண்டு வா. வாளி ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு பேர் சட்டையும் அதில் கொள்ளும்.

உன்
அப்பா